திருத்தங்களைத் தானே எழுதும் ஏடு

கந்தோரிலே கணக்குப் பேரேடு எழுதும் இலிகிதர், பிழையாக எழுதிவிட்ட ஓர் எண்ணைத் திருத்த நேரும்போது அதனைச் சுரண்டி அழிப்பதில்லை. பழைய எண் படிக்கத்தக்கதாய் இருக்குமாறு அதன்மேல் ஒரு கோடு கீறுவார்; புதிய எண்ணை அதன் தலைமேல் எழுதுவார்; அருகே தம் பெயரின் முதலெழுத்துக்களையும் திகதியையும் இடுவார். கணக்காய்வாளர் ஆறு மாதங் கழித்து வந்து அப்பக்கத்தைப் புரட்டினாலும், முன்பு இருந்தது யாது, இப்போது இருப்பது யாது, மாற்றியவர் யாவர், மாற்றிய நாள் எது என்னும் வினாக்களுக்கு அப்பக்கமே விடை பகரும். சுரண்டி எழுதிய பக்கமோ ஊமைப் பக்கம். அதிலுள்ள எண் சரியானதாகவே இருக்கலாம். ஆயினும் அதனை நம்புதற்கு வழியில்லை.

இக்காலத்திலே வங்கிக் கணக்கும் வைத்தியசாலைப் பதிவும் பரீட்சைப் பெறுபேறும் கணினிகளுள்ளே வாழ்கின்றன. பலருக்கும் ஒருங்கே பணிபுரியும் பொருட்டு இராப்பகலாக விழித்திருக்கும் அத்தகைய கணினியைச் சேவையகம் என்பர். தொழில் செய்வோர் வாயில் அது பெரும்பாலும் சேர்வர். யாரை உள்ளே விடுவது, எந்த வாயிலைத் திறந்து வைப்பது, கடிதத்தை எவ்வழி அனுப்புவது, நேரத்தை எங்கிருந்து அறிந்துகொள்வது என்றின்ன ஒழுகலாறுகளை அக்கணினிக்கு விதிப்பவை சில சிறு கோப்புகளே. அமைப்புக் கோப்புகள் எனப்படும் இவை, எவரும் திறந்து படிக்கத்தக்க வெறும் எழுத்து வரிகளாலானவை. பணியாளர் ஒருவர் கோப்பைத் திறந்து, ஒரு வரியை மாற்றிச் சேமித்தவுடனே, பழைய வரி இருந்த சுவடே இல்லாது மறைந்துவிடும். இலிகிதருக்கு விலக்கப்பட்ட அழித்தெழுதல் இங்கே இயல்பான எழுத்து முறையாக அமைந்துவிட்டது.

யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையிலும் அதன் போக்கில் எழுந்த லினக்ஸிலும் இக்கோப்புகள் பெரும்பாலும் ஒரே பெட்டகத்தினுள் வைக்கப்பட்டுள்ளன. கோப்புகளை இட்டுவைக்கும் அத்தகைய பெட்டகத்தை அடைவு என்பர். இவ்வடைவின் பெயர் எட்சி. ‘முதலியன’ எனப் பொருள்படும் ‘எட் செட்டரா’ என்னும் இலத்தீன் தொடரின் குறுக்கம் அது. வேறெங்கும் வைக்க இடமில்லாதவற்றைப் போட்டுவைத்த மூலைக்கு இட்ட பெயர், மூலை மாளிகையான பின்னும் மாறவில்லை. கணினியின் உயிர்நிலைப் பத்திரங்கள் எல்லாம் ‘முதலியன’ என்னும் தலைப்பின்கீழ்க் கிடப்பது வேடிக்கைதான். ஆயினும் அவை ஒரே இடத்திற் கிடப்பது பின்னர்ப் பெருநன்மையாயிற்று.

அமைப்பிலே நேரும் ஒரு சிறு வழு எத்துணைத் தூரம் பரவும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி இரவு சுவீடன் நாட்டில் நிகழ்ந்தது ஒரு சான்று. அந்நாட்டுக்குரிய ஈற்றெழுத்துக்களைக் கொண்டு முடியும் இணைய முகவரிகள் அக்காலத்தில் ஏறத்தாழ 9 இலட்சம் இருந்தன. அவற்றின் பெயர்களை எல்லாம் அடக்கிய பெரும் பட்டியல் ஒன்றை ஒரு நிரல் அவ்வப்போது ஆக்கி வெளியிட்டு வந்தது. அன்றிரவு, பிழையாக அமைக்கப்பட்ட நிரல் ஒன்று, ஒவ்வொரு பெயரின் ஈற்றிலும் இடவேண்டிய புள்ளியை இடாது விட்டுவிட்டது. அப்பட்டியலின் விதிப்படி, ஈற்றுப்புள்ளி இருப்பின் பெயர் அங்கே முற்றுப்பெற்றது என்பது கருத்து. இல்லையெனின், நாட்டின் ஈற்றெழுத்துக்களை மறுபடியும் ஒருமுறை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெயரும் இரட்டை வாலுடையதாயிற்று. அவ்விரட்டை வாற்பெயருடைய கணினி உலகில் எங்கும் இல்லை. நாட்டின் முகவரிகள் அனைத்தும் ஒருங்கே தொலைந்தன.

ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என அஞ்சிப் பழந்தமிழர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதினர். படிப்போர் இடம் நோக்கிச் சரியாகவே படித்துக்கொண்டனர். கணினிக்கு அவ்விரக்கம் இல்லை. சுவீடனிலே திருத்திய பட்டியல் அன்றிரவே வெளியாயிற்று. எனினும் பிழைபட்ட பட்டியலைப் படித்துத் தம்மிடத்துச் சேமித்துக்கொண்ட பிறநிறுவனக் கணினிகள் அதனை மறக்கும் வரை தொல்லை நீடித்தது.

இத்தகைய வேளையில் பொறுப்பாளர் மனத்தில் முதலில் எழவேண்டிய வினா, ‘எங்கே பிழை?’ என்பதன்று, ‘நேற்று ஓடிற்று, இன்று ஓடவில்லை, இடையே மாறியது யாது?’ என்பதே. முதலாவது வினாவுக்கு விடை காண ஆயிரக்கணக்கான வரிகளை ஆராய வேண்டும். இரண்டாவதற்கு, மாற்றங்களின் குறிப்பு ஒன்று இருக்குமாயின், மூன்று நான்கு வரிகளைப் படித்தல் போதும். அக்குறிப்பு இல்லாதவிடத்து நிகழ்வது யாது? மாற்றியவர் வேறிடத்துக்கு மாற்றலாகிச் சென்றிருப்பார். அல்லது அதே அறையில் இருந்துகொண்டு, ‘யானொன்றும் செய்யவில்லையே’ என்பார். அவர் பொய் கூறுவதாக எண்ணுதல் தகாது. மூன்று கிழமைக்கு முன் நள்ளிரவில் மாற்றிய ஒரு வரியை எவருடைய நினைவும் ஏந்தி நிற்பதில்லை.

இக்குறையை உணர்ந்த பணியாளர்கள் கையாண்ட எளிய உபாயம் ஒன்றுண்டு. கோப்பை மாற்றுமுன் அதன் பிரதியொன்றைப் பக்கத்தில் வைத்துவிடுவது. பிரதிக்கு ‘பழையது’ எனப் பெயரிடுவர். அடுத்த முறை ‘பழையது 2’; அதன்பின் ‘கடைசி’; அதற்கும் பின் ‘மெய்யான கடைசி’. இரண்டாண்டு கடந்து அவ்வடைவைத் திறந்து பார்ப்பவருக்கு, ஒரே கோப்பின் பதினாறு பிரதிகள் பதினாறு பெயர்களோடு காட்சியளிக்கும். எது எதன் முன்னோர் என்பது வைத்தவருக்கும் தெரியாது.

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களின்பொருட்டு இச்சிக்கலை முன்னரே தீர்த்திருந்தனர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைண்ட் என்பார் 1972இல், ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புக்களையும் ஒருங்கே காத்து, வேண்டிய பதிப்பை வேண்டியபோது எடுத்துத் தரும் கருவியொன்றை ஆக்கினார். பத்தாண்டு கழித்து, பேர்டியூ பல்கலைக்கழகத்து வால்ட்டர் டிச்சி, ஆர்சிஎஸ் என்னும் வேறொன்றை வெளியிட்டார். அது அண்மைப் பதிப்பை முழுமையாகவும், முந்தியவற்றை அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் வேறுபாடுகளாகவும் வைத்தது. பெரும்பாலும் தேவைப்படுவது அண்மைப் பதிப்பே ஆதலின் இது மிக்க விவேகமான ஏற்பாடு. பதிப்புக் கட்டுப்பாடு என்னும் துறை இவ்வாறு வளர்ந்தது.

சேவையகங்களைப் பராமரிப்போரும் ஆர்சிஎஸ்ஸை எடுத்து அமைப்புக் கோப்புகளுக்குப் பயன்படுத்தினர். ஆனால் அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே காப்பது. ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் பணியாளர் தம் கையாலே ‘இதனைப் பதிந்துகொள்’ எனக் கட்டளையிட வேண்டும். அமைதியான நாட்களில் அனைவரும் இவ்விதியைக் கைக்கொண்டனர். சேவையகம் விழுந்து, தொலைபேசி மணி ஓயாது ஒலித்து, மேலதிகாரி பின்னால் வந்து நிற்கும் நாளிலே எவரும் கைக்கொள்வதில்லை. அந்நாளிற் செய்யப்படும் அவசரத் திருத்தமோ, பின்னொரு நாள் எல்லாரும் தேடப்போகும் திருத்தம். மனிதனுடைய கடமையுணர்ச்சியை மட்டும் நம்பி நிற்கும் ஏடு, வேண்டிய பக்கத்திலேதான் வெறுமையாய் இருக்கும். ஆகவே, எழுதுவதை மனிதன் கையிலிருந்து வாங்கி இயந்திரத்திடம் ஒப்படைத்தலே இதற்குப் பரிகாரம் என்பது தெளிவாயிற்று.

அதற்கு ஏற்ற கருவி 2005ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் தோன்றியது. லினக்ஸின் கருவைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸ் அதுவரை பயன்படுத்தி வந்த பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை இலவசமாக வழங்க அதன் உரிமையாளர் மறுத்துவிடவே, அவர் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். சில நாட்களுள் அது தன்னுடைய வரலாற்றைத் தானே காக்கும் நிலையை அடைந்தது. கிட் என்பது அதன் பெயர். கிட் ஒரு கோப்பை மட்டும் நோக்குவதில்லை; அடைவு முழுவதையும், உள்ளடைவுகள் உட்பட, ஒரு கணத்தில் எடுத்த நிழற்படம்போற் பதிவு செய்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்த அடையாளக் குறியொன்று உண்டு. வழக்கமாக அது 40 எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்த ஒரு தொடர். உள்ளே ஓர் எழுத்து மாறினும் குறி முற்றிலும் வேறாகிவிடும். அன்றியும், ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் குறியைத் தன்னகத்தே தாங்கி நிற்பதால், நடுவிலுள்ள பக்கமொன்றை இரகசியமாக மாற்றினால் அதன்பின் வந்த பக்கங்கள் அனைத்தின் குறிகளும் மாறவேண்டிவரும்.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டுக்கு உழைத்தவருள் ஒருவரான ஜோயி ஹெஸ் என்பார் 2007இல், கிட் முதலிய கருவிகளை எட்சி அடைவுக்குக் காவலாக நிறுத்தும் சிறு நிரற்றொகுதியொன்றை எழுதினார். எட்சிகீப்பர் எனப் பெயரிட்டார். எட்சியைக் காப்பது என்பது பொருள். அதன் சிறப்பு, அது எப்பொழுது எழுதுகிறது என்பதிலே தங்கியுள்ளது.

சேவையகத்தில் மாற்றம் இரு வழியாக வரும். ஒன்று, பணியாளர் கையால் கோப்பைத் திருத்துவது. மற்றொன்று, புதிய மென்பொருட் பொதியை நிறுவும்போது அப்பொதியே கோப்புகளை மாற்றுவது. இவை இரண்டும் ஒரே பதிவிற் கலந்துவிட்டால், பழி யாருடையது என்பதை அறிய முடியாது. ஆகவே எட்சிகீப்பர், பொதிகளை நிறுவும் நிரலோடு தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. நிறுவும் வேலை தொடங்குமுன், எவராயினும் பதியாது விட்ட திருத்தங்கள் உளவோ எனப் பார்த்து அவற்றை முதலிற் பதிகிறது. வேலை முடிந்தபின், பொதியால் விளைந்த மாற்றங்களை இன்னொரு பதிவாக எழுதி, எந்தப் பொதி வந்தது, எது நீங்கியது என்னும் பட்டியலையும் அதனோடு சேர்க்கிறது. இவையன்றி, நாளுக்கொருமுறை தானே விழித்து, அன்று மாறியவை ஏதேனும் இருப்பின் அவற்றையும் பதிந்துவிடுகிறது. பணியாளர் மறந்தாலும், விடுமுறையிற் சென்றாலும், ஒரு நாளுக்கு மேற்பட்ட மாற்றம் பதியப்படாது கிடப்பதில்லை.

இதன் பயனை ஒரு சிறு நிகழ்ச்சியால் எண்ணிப் பார்க்கலாம். வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூட முடிவுகள் மின்னஞ்சல் வழியே விடுதிகளுக்குச் செல்கின்றன என்க. புதன்கிழமை காலையில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. வைத்தியர்கள் காத்திருக்கின்றனர். பொறுப்பாளர் ஏட்டைத் திறந்து, திங்கட்கிழமை நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிடுமாறு கேட்கிறார். நீக்கிய வரிக்கு முன் கழித்தற் குறியும், சேர்த்த வரிக்கு முன் கூட்டற் குறியும் இட்டு, மாறிய வரிகளை மட்டும் கருவி காட்டுகிறது. செவ்வாய் பிற்பகல் 4 மணிக்கு ஒருவர் கடிதச் சேவையகத்தின் முகவரியைத் திருத்தியபோது ஓரிலக்கத்தை விட்டுவிட்டார். பழைய வரியைத் திருப்பி வைக்க ஒரு நிமிடம். அந்த ஏடு இல்லாதிருந்தால், வலையமைப்பைச் சோதித்து, கம்பிகளை ஆட்டிப் பார்த்து, குற்றமற்ற கணினிகளை அணைத்து ஏற்றி, அன்றைப் பொழுது கழிந்திருக்கும்.

எனினும் கிட் அமைப்புக் கோப்புகளுக்கென ஆக்கப்பட்டதன்று என்பதை மறத்தலாகாது. நிரல் எழுதுவோருக்கு ஒரு கோப்பின் உள்ளடக்கமே முக்கியம். அதன் சொந்தக்காரர் யாவர், அதனைப் படிக்க உரிமையுடையோர் யாவர் என்பவை அவர்களுக்கு வேண்டாதவை. ஆதலின் ஒரு கோப்பு இயக்கத்தக்கதா அன்றா என்பது நீங்கலாக, உரிமை விவரங்களைக் கிட் பதிவதில்லை. எட்சியிலோ அவ்வுரிமைகளே காவல். கடவுச்சொற்களின் மறைவடிவங்களைக் கொண்ட கோப்பு அங்கே உள்ளது. அதனைப் பழைய பதிவிலிருந்து மீட்கும்போது உரிமைகள் தளர்ந்து, எவரும் படிக்கத்தக்கதாய் வந்து நிற்குமாயின், நோயினும் மருந்து கொடிதாகும். இதனை உணர்ந்த ஹெஸ், ஒவ்வொரு பதிவுக்கும் முன் உரிமை விவரங்களைத் திரட்டி ஒரு தனிக் கோப்பில் எழுதி, அதனையும் பதிவினுட் சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்தார். வெற்று அடைவுகளையும் கிட் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சில மென்பொருள்கள், தமக்குரிய அடைவு வெறுமையாகவேனும் இருந்தாலன்றி இயங்க மறுக்கும். அவற்றின் பெயர்களும் அத்தனிக் கோப்பிலே இடம்பெறுகின்றன.

கடவுச்சொற் கோப்பைக் கூறியதால் வேறோர் ஆபத்தும் கூறத்தக்கது. அழிக்காத ஏடு இரகசியத்தையும் அழிக்காது. ஒருவர் கடவுச்சொல் ஒன்றை அமைப்புக் கோப்பில் எழுதிவைத்து, மறுநாள் தவறுணர்ந்து நீக்கினும், முந்திய நாளின் பக்கத்தில் அது அவ்வண்ணமே நிற்கும். கடவுச்சொல்லையே மாற்றுவதன்றி இதற்குத் தக்க வழி வேறில்லை. இவ்வேட்டை மேலதிகாரக் கணக்குடையோர் தவிர எவரும் திறக்க இயலாதவாறு வைத்தல் இதனாலேதான். நிரல் எழுதுவோர் தம் ஏடுகளைப் பொதுவிடங்களில் உலகறிய வைத்துப் பழகியவர்கள். அப்பழக்கத்தைச் சேவையகத்தின் ஏட்டுக்கும் நீட்டுவோர் வீட்டுத் திறவுகோலைச் சந்தையில் தொங்கவிடுவோர் ஆவர்.

ஏட்டின் பார்வைக்கு எட்டாதனவும் சில உண்டு. தொலைவிலிருந்து சேவையகத்தினுள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் மென்பொருளின் 7.0ஆம் பதிப்பு 2015 ஓகஸ்டில் வெளியாயிற்று. மேலதிகாரக் கணக்கிற்குக் கடவுச்சொல்லை மட்டும் கூறி நுழைதல் அதுவரை இயல்பாகவே அனுமதிக்கப்பட்டிருந்தது. இப்பதிப்பு அதனை இயல்பாகவே மறுத்தது. அமைப்புக் கோப்பில் அதுபற்றிய வரியே எழுதப்படாதிருந்த கணினிகளில் கோப்பு ஓரெழுத்தும் மாறவில்லை; கணினியின் ஒழுக்கமோ மாறிவிட்டது. எட்சியில் எதுவும் மாறாத பொதி மாற்றத்துக்கு எட்சிகீப்பர் பதிவெழுதுவதும் இல்லை. அவ்விடத்துப் பொதி நிறுவும் நிரலின் சொந்தக் குறிப்பேட்டையே நாட வேண்டும். முக்கியமான விதிகளை, இயல்பான நிலையோடு ஒத்திருப்பினும், வெளிப்படையாக எழுதிவைக்கும் பழக்கம் இதனாலே போற்றத்தக்கது.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. இயந்திரம் யாது மாறிற்று என எழுதும். எப்பொழுது என எழுதும். பணியாளர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து மேலதிகாரம் பெற்றுப் பதிந்திருந்தால் யார் என்பதையும் எழுதும். ஏன் என்பதை அது எழுதமாட்டாது. நாளாந்தத் தன்னியக்கப் பதிவின் குறிப்புரையிலே, அது நாளாந்தத் தன்னியக்கப் பதிவு என்பதற்கு மேல் ஒன்றும் இராது. நேரக்கெடு 30 விநாடியிலிருந்து 90 விநாடியாக உயர்த்தப்பட்டது என்பது தெரியும். கிளைக் கந்தோரொன்றின் இணைப்பு மெதுவாக இருந்தமையால் உயர்த்தப்பட்டது என்பது தெரியாது. காரணம் அறியாத பின்னொருவர் அதனை வீண் எனக் கருதி மறுபடியும் 30 ஆக்குவார். அக்கிளை மறுபடியும் துண்டிக்கப்படும். ஆகவே திருத்தியவர் அன்றைய இரவுப் பதிவுக்குக் காத்திராது, தாமே அப்பொழுதே பதிந்து, காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுதல் வேண்டும். ‘மாற்றினேன்’ என்று எழுதுவோரும் உளர். அதனைக் கருவியே அறியும். தன்னியக்கப் பதிவு மறதிக்கு விரித்த வலை. வலை இருக்கிறதென்று கயிற்றில் நடப்பவன் கால் தவறலாமோ?

பல நூறு சேவையகங்களை ஆள்வோர் இம்முறையைத் தலைகீழாகத் திருப்பியும் கையாளுகின்றனர். மார்க் பர்கஸ் என்பார் ஒஸ்லோவில் இருந்தபோது 1993இல் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் முதலிய மென்பொருள்களின் வழி அது. கணினி எந்நிலையில் இருக்கவேண்டும் என்பதை முதலில் ஏட்டில் எழுதுவர். ஒவ்வொரு கணினியும் அவ்வேட்டைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இங்கே ஏடு முந்தியது, மாற்றம் பிந்தியது. ஒருவர் கையால் எதையேனும் மாற்றினும் சற்று நேரத்தில் அது பழையபடி ஆகிவிடும். ஓரிரு சேவையகங்களை வைத்திருக்கும் பாடசாலைக்கோ சங்கக் கடைக்கோ இத்துணை ஏற்பாடு மிகையாகலாம். எட்சிகீப்பரை நிறுவுதற்குக் கால்மணி நேரம் போதும்.

எவ்வழியைக் கொள்ளினும், ஏடு அதே கணினியின் தட்டில் மட்டும் இருப்பது போதாது. தட்டுப் பழுதாகும் நாளில் கணினியும் அதன் வரலாறும் ஒருங்கே அழியும். மேலதிகாரத்தைக் கைப்பற்றிய திருடனும் அங்குள்ள ஏட்டை முழுவதுமாகத் திருத்தி எழுத வல்லவன். வேறிடத்தில் ஒரு பிரதி இருப்பின், குறிகள் ஒவ்வாமை கண்டு அவன் கைவரிசை வெளிப்படும். ஆதலின் ஒவ்வொரு பதிவும் காவலுள்ள மற்றொரு கணினிக்கும் உடனே சென்று சேருமாறு அமைத்தல் வேண்டும். அப்பிரதியிலிருந்து புதிய கணினியொன்றை ஆக்க நேரும்போது, அடைவு முழுவதையும் அப்படியே கொட்டிவிடுதலும் தவறு. பழைய தட்டின் அடையாள எண்ணும், பழைய கணினி தன்னை இன்னாரெனப் பிறருக்கு உறுதிப்படுத்தும் திறவுகோல்களும், அதன் வலையமைப்பு முகவரியும் அவ்வடைவிலே உள்ளன. முதலிற் புதிய கணினியின் எட்சியையும் ஒருமுறை பதிந்துகொண்டு, பழையதன் பிரதியை அருகே வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, வேண்டிய வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தல் வேண்டும்.